புதுப்பித்த ஒற்றைப் படுக்கையறை வீடு: 78 லட்சத்தில் நிலம் எவ்வளவு, டைல்ஸ் எவ்வளவு?

கேள்வி: நான் 41 வயதான பள்ளி ஆசிரியை. 68 வயதான என் தாயாருடன் மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு குறுக்குத் தெருவில், ஒரு படுக்கையறை கொண்ட வீடு விலைக்கு வந்துள்ளது. 1991-ஆம் ஆண்டு கட்டிய, தரைத்தளத்துடன் மூன்று மாடிகள் உள்ள கட்டடம். ஒன்றரை கிரவுண்டு மனையில் ஒரே அளவான 12 வீடுகள், இது இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. பரப்பு 560 சதுர அடி, நிலப்பங்கு 262 சதுர அடி என்கிறார்கள். விற்பவர் பத்து மாதங்களுக்கு முன் வாங்கி, ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையில் இருந்த சுவரை எடுத்துவிட்டு, புதிய டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், சுவர்ப் பலகைகள், புதிய குளியலறை என்று வீட்டையே மாற்றியிருக்கிறார். முந்தைய உரிமையாளர் அமெரிக்காவில் இருக்கிறாராம். விலை 78 லட்சம். அதில் 15 லட்சம் ரொக்கமாக வேண்டும் என்றும், இரண்டு நாட்களில் 10 லட்சம் முன்பணம் தராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்றும் தரகர் சொல்கிறார். விலை சரிதானா? இவ்வளவு பழைய கட்டடத்தில் வாங்கலாமா? தாயார் 12 லட்சம் தருகிறார். அவர் பெயரையும் பத்திரத்தில் சேர்க்க வேண்டுமா? எனக்கு கோயம்புத்தூரில் ஓர் அண்ணன் உண்டு.

பதிலளிப்பவர்: கட்டுமானப் பொறியாளர், பதிவுபெற்ற சொத்து மதிப்பீட்டாளர்

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

கேட்கப்படும் விலையிலும் கேட்கப்படும் முறையிலும் இந்த வீட்டை வாங்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். அதற்காக வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தியாகராய நகரில் ஒரு படுக்கையறை வீடு விற்பனைக்கு வருவது அரிது. இப்போது கட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று படுக்கையறை வீடுகளையே கட்டுகிறார்கள். இருவர் மட்டும் உள்ள குடும்பத்துக்கு, ரயில் நிலையமும் சந்தையும் கோயிலும் மருத்துவமனையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சிறிய வீடு என்ற உங்கள் எண்ணத்தில் தவறில்லை. பனகல் பூங்காவில் மெட்ரோ நிலையமும் வருவதால், பிற்காலத்தில் வாடகைக்கு விட நேர்ந்தாலும் ஆள் கிடைப்பதில் சிரமம் இருக்காது. நான் எச்சரிக்க விரும்புவது, எடுத்த அந்தச் சுவர், கணக்கில் குறையும் நிலப்பங்கு, விற்பவருக்கு உண்மையில் என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி ஆகியவற்றைப் பற்றித்தான்.

முதலில் விலை. பழைய அடுக்குமாடி வீட்டின் விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்ப்பதால் எதுவும் தெளிவாகாது. 78 லட்சத்தை 560-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ 13,900 ரூபாய் வரும். அந்தப் பகுதிக்கு அது மலிவாகக்கூடத் தோன்றும். ஆனால் அந்த 560 சதுர அடியில் படிக்கட்டு, நடைவழி, சுவர்களின் கனம் எல்லாம் அடக்கம். ஒரு டேப்பை எடுத்துச் சென்று ஒவ்வோர் அறையையும் சுவருக்குச் சுவர் அளந்து கூட்டுங்கள். இந்த அமைப்பில் கட்டிய வீடுகளில் 420 சதுர அடியை ஒட்டித்தான் கிடைக்கும் என்பது என் கணிப்பு. எனவே மதிப்பீட்டாளர் செய்வதுபோல விலையை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதே சரி.

கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். இதே தரத்தில் இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 560 சதுர அடிக்கு 14 லட்சம் ஆகும். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள் என்று கொண்டு தேய்மானம் கழிப்பது எங்கள் வழக்கம். பாதிக்கும் மேற்பட்ட ஆயுளைக் கடந்துவிட்ட இந்தக் கட்டடத்தில் மிஞ்சும் மதிப்பு தாராளமாகக் கணக்கிட்டாலும் 7 லட்சம்தான். அடுத்தது புதுப்பித்த செலவு. நீங்கள் எழுதியுள்ள வேலைகள் அனைத்தையும் நல்ல பொருட்களைக் கொண்டே செய்திருந்தாலும், அவ்வளவு சிறிய வீட்டில் அதுவும் 7 லட்சத்தைப் பெரிதாகத் தாண்டியிருக்காது. இரண்டும் சேர்ந்து 14 லட்சம். மீதமுள்ள 64 லட்சத்தை நீங்கள் 262 சதுர அடி நிலத்துக்குத் தருகிறீர்கள். அதாவது சதுர அடிக்கு 24,400 ரூபாய், கிரவுண்டுக்கு (2,400 சதுர அடி) ஏறத்தாழ 5 கோடியே 86 லட்சம். அந்தக் குறுக்குத் தெருவில் தனி மனை அண்மையில் அந்த விலைக்குக் கைமாறியதா என்பதுதான் நீங்கள் விசாரிக்க வேண்டிய கேள்வி. உஸ்மான் சாலையின் முகப்பில் உள்ள கடை மனையின் விலையை யாராவது எடுத்துக்காட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்த மனையின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று எடுங்கள். விற்பவரின் வீடு மட்டுமல்லாமல், அந்த மனையில் உள்ள 12 பங்குகளும் எப்போது, யாருக்கு, எவ்வளவு தொகைக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன என்பது அதில் வரிசையாக வரும். ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு பதிவுகள் இருக்கும். பத்து மாதங்களுக்கு முன் இவர் வாங்கியபோது எழுதிய தொகையையும் அதிலேயே பார்க்கலாம். பத்திரத்தில் எழுதிய தொகையும் உண்மையில் கொடுத்த தொகையும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம் என்பது உண்மைதான். இருந்தாலும், பேரம் பேசுவதற்கு அதைவிட வலுவான ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது.

அடுத்து நிலப்பங்கு. நீங்கள் கொடுத்த எண்களே ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஒன்றரை கிரவுண்டு என்பது 3,600 சதுர அடி. ஒரே அளவான 12 வீடுகள் என்றால் வீட்டுக்கு 300 சதுர அடி பிரிபடாத பாகம், அதாவது பொதுவான மனையில் அந்த வீட்டுக்கு உரிய நிலப்பங்கு, வர வேண்டும். உங்களுக்கு 262 என்கிறார்கள். எல்லோருக்கும் 262 என்றால் மொத்தம் 3,144. மீதி 456 சதுர அடி யாருடையது? கட்டியவரோ மனையின் பழைய உரிமையாளரோ அதைத் தம் பெயரிலேயே நிறுத்தி வைத்திருக்கலாம். 1990-களில் இப்படிச் செய்வது வழக்கத்தில் இருந்தது; மொட்டை மாடியில் பின்னால் ஒரு தளம் எழுப்பிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. அப்படியொரு பங்கு இன்னும் வெளியே இருந்தால், கட்டடத்தை இடித்துக் கட்டும் நாளில் அவரோ அவருடைய வாரிசுகளோ வந்து பங்கு கேட்பார்கள். சாலை விரிவுக்காக மனையில் ஒரு பகுதி விடப்பட்டிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் அது வரைபடத்திலேயே தெரிந்துவிடும். எது உண்மை என்பதை முன்பணம் தருவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைக் கொண்டு 12 பத்திரங்களின் பதிவுகளையும் கூட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பழைய கட்டடம் என்றாலும் இடித்துக் கட்டும்போது பெரிய வீடு கிடைக்கும் என்று தரகர் சொல்லக்கூடும். அதையும் இங்கேயே கணக்கிட்டுவிடலாம். இந்தக் கட்டடம் எழுந்த காலத்தில் மனையின் பரப்பைப்போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்பது விதி. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது இரண்டு மடங்கானது. 3,600 சதுர அடிக்கு அன்றைய அனுமதி 5,400 சதுர அடி. ஆனால் 12 வீடுகளை 560-ஆல் பெருக்கினால் 6,720 வருகிறது. விற்பனைப் பரப்பும் அனுமதிக் கணக்கின் பரப்பும் ஒன்றல்ல என்று தள்ளுபடி கொடுத்தாலும், அனுமதியை மீறிக் கட்டியிருக்க வாய்ப்பு உண்டு என்று இது காட்டுகிறது. பெருநகர வளர்ச்சிக் குழும அனுமதி எண்ணுடன் கூடிய வரைபடத்தையும், மீறல் இருந்து பிற்பாடு வரன்முறை செய்திருந்தால் அந்த ஆணையையும் கேட்டு வாங்குங்கள். இன்றைய விதிப்படி அந்த மனையில் 7,200 சதுர அடி கட்டலாம். இப்போது இருப்பதைவிட 480 சதுர அடிதான் கூடுதல். அந்த 480 சதுர அடிக்காக 12 குடும்பங்களுக்கும் வாடகை கொடுத்து வெளியே அனுப்பி, இடித்து, கட்டித்தர எந்தக் கட்டுமான நிறுவனம் முன்வரும்? கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் பரப்பும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. குறுக்குத் தெருவில் அதை நம்ப முடியாது. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்ற வழி திறந்திருக்கிறது. ஆனால் சட்டம் இசைவைத்தான் எளிதாக்கும். வரவு செலவுக் கணக்கை அது மாற்றாது. எனவே பல ஆண்டுகள் இந்தக் கட்டடத்திலேயே குடியிருக்கப்போகிறீர்கள் என்று எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்படியானால் கட்டடத்தின் உடல்நிலை தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது, ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையில் இருந்த சுவரை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி. அந்தக் காலத்தில் தரைத்தளமும் மூன்று மாடிகளும் உள்ள சிறிய கட்டடங்களில் பலவற்றைத் தூண்களே இல்லாமல், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களின் மேலேயே தளத்தை அமர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் சுவர்தான் பாரம் தாங்குகிறது. உங்கள் வீட்டுக்கு மேலே இன்னொரு வீடும், அதற்கு மேல் மொட்டை மாடியும், அதில் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. எடுத்தது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஒன்பது அங்குலச் சுவர் என்றால், அந்த இடத்தில் இரும்புக் கர்டரோ கான்கிரீட் பீமோ கணக்கிட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்த்தே தீர வேண்டும். வேறு மாடியில் மாற்றம் செய்யாத ஒரு வீட்டுக்குப் போய், அதே இடத்தில் உள்ள சுவரைக் கதவு நிலையின் ஓரமாக அளந்து பாருங்கள். பூச்சோடு ஐந்து அல்லது ஆறு அங்குலம் என்றால் தடுப்பு, பத்து அங்குலம் என்றால் பாரச் சுவர். மேல்மாடி வீட்டில் சரியாக அந்த இடத்தில் தரையிலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு விட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். பதில் ‘ஆம்’ என்றால் இந்த வீட்டை விட்டுவிடலாம். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

ஃபால்ஸ் சீலிங்கைப் பொறுத்தவரை, அது அழகுக்காகவும் இருக்கலாம், மறைப்பதற்காகவும் இருக்கலாம். பழைய கட்டடத்தில் இரண்டாவது சாத்தியத்தை முதலில் விலக்க வேண்டும். உப்புள்ள நிலத்தடி நீரைக் கலந்து போட்ட கான்கிரீட்டிலும், கம்பிக்கு மேல் போதிய கனம் விடாமல் போட்ட தளங்களிலும், முப்பது ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து ஊதி, கீழ்ப்புறக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுவது சென்னையில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் கோளாறு. சீலிங்கை உடைக்காமலேயே இதைப் பார்க்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதில் பதித்துள்ள வட்ட விளக்குகளில் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு கீழே இழுத்துக் கழற்றச் சொல்லுங்கள். மூன்று நான்கு அங்குலத் துளை கிடைக்கும். கைபேசியில் டார்ச்சைப் போட்டு வீடியோவை ஓடவிட்டு அந்தத் துளைக்குள் நுழைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். தளத்தின் அடியில் ஏறத்தாழ அரை அடி இடைவெளியில் இணையாக ஓடும் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அவை துருப்பிடித்த கம்பிகளின் தடம். ஜிப்சம் பலகையின் முதுகில் கான்கிரீட் சில்லுகள் விழுந்து கிடந்தால், சீலிங் போட்ட பிறகும் தளம் உதிர்கிறது என்று பொருள். பழைய சாம்பல் நிறத் தளத்தில் புதிய சிமென்ட் ஒட்டுகள் திட்டுத் திட்டாக இருந்தால், கம்பியைச் சுத்தம் செய்து முறையாகப் பழுது பார்த்தார்களா, மேலே பூசி மூடினார்களா என்று கேட்க வேண்டும். ஹால், படுக்கையறை, சமையலறை மூன்றிலும் இதைச் செய்யுங்கள். விற்பவர் விளக்கைக் கழற்றவே அனுமதிக்கவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் செல்லுங்கள். சிறு சுத்தியலால் தட்டும்போது உறுதியான கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். ரீபவுண்டு ஹேமரைக் கொண்டு மேற்பரப்பின் உறுதியை அளப்பார். ஒரு மூலையில் சிறிது கொத்தி ஃபினாஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், கம்பியைக் காக்கும் காரத்தன்மை உள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். காரம் போய்விட்ட பகுதி நிறம் மாறாது. நீங்கள் போடப்போகும் முதலுக்கு முன்னால் இந்தச் சோதனைகளுக்கான கட்டணம் மிகச் சிறியது.

குளியலறையின் உண்மை உங்கள் வீட்டில் தெரியாது. முதல் மாடி வீட்டில்தான் தெரியும். அந்த வீட்டுக் குளியலறையின் மேற்கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கே குடியிருப்பவரிடம், மேலே வேலை நடந்த பிறகு கசிவு நின்றதா என்று கேளுங்கள். பழைய வீடுகளில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி, செங்கல் ஜல்லியை நிரப்பி, அதற்கு மேல் தரை போட்டிருப்பார்கள். அந்த நிரப்பை முழுவதும் எடுத்து, குழாய்களை மாற்றி, நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து மறுபடி போட்டால்தான் அது புதிய குளியலறை. பழைய டைல்ஸின் மேலேயே புதிய டைல்ஸை ஒட்டியிருந்தால், கதவடியில் வாசல்படியின் உயரம் காட்டிக்கொடுத்துவிடும். வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்துக் கீழ்வீட்டில் பார்ப்பது நல்ல சோதனை. சுவர்ப் பலகைகள் ஒட்டிய பகுதி வெளிச்சுவரா என்று கவனியுங்கள். ஆமெனில், கட்டடத்தின் பின்புறம் போய் அதே இடத்தில் பாசி, ஒழுகும் மழைநீர்க் குழாய், விரிசலில் முளைத்த அரசங்கன்று ஏதேனும் உண்டா என்று பார்த்து வாருங்கள். மின்சாரத்துக்கு, ஒரு சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றினால் பழைய வயரா புதியதா என்று எலக்ட்ரீஷியன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இனி விற்பவர். பத்து மாதத்துக்கு முன் வாங்கிப் புதுப்பித்து விற்பவர்களில் ஒரு சாரார், தம் பெயரில் கிரயப் பத்திரமே பதிவு செய்துகொள்வதில்லை. பழைய உரிமையாளரிடம் ஒரு விற்பனை ஒப்பந்தமும் ‘பவர்’ எனப்படும் பொது அதிகாரப் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டு, புதிதாக வாங்குபவருக்கு நேரடியாகக் கிரயம் செய்துகொடுப்பார்கள். முத்திரைத்தாள் செலவு மிச்சம். பழைய உரிமையாளர் அமெரிக்காவில் இருக்கிறார் என்று அவர்களே சொல்லுவதால் எனக்கு இந்த ஐயம் எழுகிறது. வில்லங்கச் சான்றில் விற்பவர் பெயரில் கிரயம் இருக்கிறதா, வெறும் பவர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் பத்திரம் சொத்துரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் ஏஜெண்ட் வழியாக வாங்குவது சட்டவிரோதம் அன்று. ஆனால் பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்க வேண்டும், பவரை ரத்து செய்யாமல் இருக்க வேண்டும், வெளிநாட்டில் கையெழுத்திட்டதென்றால் இந்தியத் தூதரகத்தின் சான்றும் இங்கே செலுத்த வேண்டிய முத்திரைத் தீர்வையும் முறையாக இருக்க வேண்டும். உரிமையாளரிடம் நீங்களே ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசிவிடுவதும், பணத்தை அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புவதும் அவசியம்.

இதில் பலர் அறியாத ஒரு வரிச் சிக்கலும் உண்டு. விற்பவர் இந்தியாவில் வசிப்பவர் என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும்போது நீங்கள் 1 விழுக்காட்டை, உங்கள் கணக்கில் 78,000 ரூபாயைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். பத்திரத்தின்படி விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 விழுக்காடு பொருந்தாது. குறைந்த விகிதத்துக்கான சான்றை அவர் வருமான வரித்துறையிடம் பெற்றுத் தராதவரை, பன்னிரண்டரை விழுக்காடும் அதன்மேல் செஸ் முதலியவையும் பிடித்தாக வேண்டும். பிடிக்கத் தவறினால் துறை உங்களிடம்தான் கேட்கும். அதனால் பத்திரத்தில் விற்பவராக வரப்போவது யார் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்.

மூலப்பத்திரங்களைப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியவரும். அக்காலத்து வீடுகளுக்குப் பெரும்பாலும் நிலப்பங்குக்கு மட்டும் கிரயப் பத்திரமும், வீட்டுக்குப் பதிவு செய்யாத கட்டுமான ஒப்பந்தமும் இருக்கும். அந்த ஒப்பந்தத்தின் அசல் இல்லாமல், இரண்டாம் மாடியில் இந்த எண்ணுள்ள வீடுதான் இவருடையது என்று நிலைநாட்டுவது கடினம். சொத்துவரி ரசீதும் மின் இணைப்பும் துணைச் சான்றாகத்தான் நிற்கும். அசல்கள் வங்கியில் இருப்பதாகச் சொன்னால், கடன் நிலுவைக் கடிதத்தை வங்கியிடமிருந்தே பெற வேண்டும்.

15 லட்சம் ரொக்கம் என்ற பேச்சைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடுங்கள். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அபராதம் வாங்கியவருக்குத்தான் என்றாலும், அந்தத் தொகைக்கு உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. உங்கள் கடனும் குறையும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 விழுக்காடுதான் ரிசர்வ் வங்கி வகுத்த உச்ச வரம்பு. பத்திரத்தில் 78 லட்சம் என்றால் 62 லட்சத்து 40 ஆயிரம் வரை கடன் கேட்கலாம். 63 லட்சம் என்று எழுதினால் அது 50 லட்சத்து 40 ஆயிரமாகச் சுருங்கும். அதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த விலையை ஒப்புக்கொண்டால்தான். மாடுலர் கிச்சனையும் சீலிங்கையும் அவர் ஏறக்குறையக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். கட்டடத்தின் எஞ்சிய ஆயுளைப் பார்த்துக் கடனின் காலத்தையும் குறைக்கக்கூடும். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்ந்து 9 விழுக்காடு. 78 லட்சத்துக்கு 7 லட்சத்து 2 ஆயிரம். புதிய வீடுகளின் முதல் விற்பனைக்கு உள்ள சலுகை விகிதத்தைத் தரகர் சொன்னால் ஏமாற வேண்டாம். இந்தச் செலவுக்கு வங்கி கடன் தராது, கையிலிருந்துதான் போகும்.

இரண்டு நாளில் 10 லட்சம் என்பதற்கும் இசைய வேண்டாம். ஒரு லட்சம் ரூபாயை வங்கி வழியாகக் கொடுத்து, வழக்கறிஞர் கருத்தும் பொறியாளர் அறிக்கையும் வங்கியின் மதிப்பீடும் நிறைவாக இல்லையென்றால் முழுத்தொகையும் திரும்பத் தரப்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, 30 நாள் அவகாசம் கேளுங்கள். ஒப்பாவிட்டால் வேறு வாங்குபவருக்கே போகட்டும்.

ஊர்ப் பகுதியைப் பற்றி, பக்கத்திலேயே வசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஆட்டோ தெருவுக்குள் வருமா என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: 1920-களில் பழைய ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி இது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தெருக்களில் நீர் நின்றது. இரண்டாம் மாடிக்கு வெள்ளம் வராது. ஆனால் தரைத்தளத்தில் உள்ள மீட்டர் போர்டும், மோட்டாரும், குடிநீர்த் தொட்டியும் மூழ்கினால் மேலே இருப்பவருக்கும் மின்சாரமும் நீரும் இல்லை. அவற்றை உயர்த்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குடியிருப்போர் சங்கத்தின் கடைசி இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். மொட்டை மாடி நீர்த்தடுப்பு, கழிவுநீர்க் குழாய் மாற்றம் என்று பெரிய செலவு ஏதும் காத்திருந்தால் அதில் 12-இல் ஒரு பங்கு உங்களுடையது. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி இன்று உங்கள் தாயாருக்குச் சிரமமாக இல்லாமல் இருக்கலாம். பத்து ஆண்டுகள் கழித்து எப்படி என்பதை அவருடனேயே பேசிவிடுங்கள். ஒருமுறை கையில் பையுடன் அவரை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தால் போதும்.

எல்லாச் சோதனைகளிலும் வீடு தேறி, நிலப்பங்கும் தெளிவானால், நான் உங்கள் இடத்தில் 66 லட்சத்தில் பேச்சைத் தொடங்கி 70 லட்சத்துக்கு மேல் போக மாட்டேன். முழுத்தொகையும் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும்.

தாயார் பெயரைச் சேர்ப்பது பற்றி: பங்கு இவ்வளவு என்று குறிப்பிடாமல் இருவர் பெயரிலும் வாங்கினால், அவரவர் கொடுத்த பணத்தின் விகிதப்படி பங்கு வரும்; யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லையென்றால் சரிபாதி என்று கொள்வார்கள். உயில் எழுதாமல் அவர் காலம் முடிந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பங்கில் உங்கள் அண்ணனுக்கும் உரிமை வரும். பின்னாளில் விற்கவும் அடமானம் வைக்கவும் அண்ணனின் கையெழுத்து வேண்டும். அதுதான் தாயாரின் விருப்பம் என்றால் தாராளமாகச் செய்யலாம். விருப்பம் அதுவல்ல என்றால், வீட்டை உங்கள் பெயரில் மட்டும் பதிவு செய்யுங்கள். கடன் விண்ணப்பத்திலும் 68 வயதானவரை இணைப்பது தவணைக் காலத்தைக் குறைக்கவே செய்யும். அவர் தரும் 12 லட்சத்தை அவருடைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வங்கி வழியாக மாற்றி, அது மகளுக்குத் தரும் கொடை என்று அவர் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். தாயாரிடமிருந்து பெறும் கொடைக்கு வருமான வரி கிடையாது. அண்ணனுக்கும் இதை இப்போதே தெரிவித்து, அந்தக் கடிதத்தில் அவரைச் சாட்சியாகக் கையெழுத்திடச் சொன்னால் மிகவும் நல்லது.